திறப்பு ஆட்டத்தில் ஒரு பந்து

நோரீன் டோம்ப்ராவ்ஸ்கி பிறந்த தெருவில் பையன்கள் ஃபுட்பால், அதாவது பந்தைக் கையால் எறிந்து பிடித்து ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால், ஆடினால் ஒரு பக்கத்து எல்லைக்கு அடையாளம் தபால் பெட்டி. மறுபக்கத்து எல்லைக்கு அடையாளம் நோரீன். அவளுக்கு மூன்று அண்ணன்கள். "அசையாம நில்லு. நீதான் கோடு," என்று நிறுத்திவிட்டுப் போவார்கள். அவளும் நிற்பாள். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு யாராவது ஒருத்தன் அவளைத் தாண்டி ஓடினால் கைதட்டல் விழும், அது ஓடியவனுக்கு. மூன்று பேரில் ஒருத்தனுக்குக் காய்ச்சல் வந்தால் தன்னை ஆட்டத்துக்குக் கூப்பிடுவார்கள் என்று அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். பாவிகள், ஒரு தும்மல்கூடப் போடாமல் வளர்ந்தார்கள்.

அப்புறம் அவளும் வளர்ந்தாள். வால்ட்டைக் கல்யாணம் செய்துகொண்டாள், இரண்டு பிள்ளை பெற்றாள், ஈரி நகரத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து ஊரார் மூக்குக்கெல்லாம் ஃபிரேம் வளைத்துக் கொடுத்தாள். பிள்ளைகள் தாங்களே சோறு போட்டுக்கொள்கிற வயது வந்ததும், நாற்பதை நெருங்கும்போது, ஏரிக்கரை ஞாயிறு லீக்கில் பேர் கொடுத்தாள். "இந்த வயசுல எதுக்கும்மா?" என்று மகள் கேட்டாள். "இந்த வயசுலதான் கூப்பிட்டாங்க," என்றாள் நோரீன்.

அது பெரியவர்கள் பொழுதுபோக்குக்கு ஆடுகிற லீக். ஆணும் பெண்ணும் கலந்து ஆடுவார்கள். ஆளை மோதிச் சாய்க்கிற வேலை கிடையாது. இடுப்புப் பெல்ட்டில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு நாடா தொங்கும். பந்து வைத்திருப்பவரின் நாடாவை எதிரி உருவிவிட்டால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். பந்து ஒரு முறை கிளம்பி நிற்கிற வரைக்கும் ஒரு ஆட்டம் என்று கணக்கு. இதற்கு ஒரு சட்டத்தாளும் உண்டு. சட்டையை உள்ளே செருகியிருக்க வேண்டும், பாக்கெட் வைத்த கால்சட்டை ஆகாது, நாடாவைக் கையால் மறைக்கக் கூடாது என்று சின்னச் சின்னச் சட்டங்கள். இவற்றுக்கெல்லாம் நடுவில் ஒரு பெரிய சட்டம் இருந்தது. மூன்று ஆட்டத்தில் ஒன்றாவது பெண்ணுக்குப் போட்டாக வேண்டும். முதல் இரண்டும் 'திறப்பு', யாருக்கு வேண்டுமானாலும் எறியலாம். இரண்டும் ஆண்களுக்கே போய்விட்டால் மூன்றாவது 'பூட்டு'. நடுவர் முஷ்டியை உயர்த்தி, "பூட்டு!" என்று கத்துவார். அப்போது பெண்ணுக்குப் போடாவிட்டால் ஆட்டம் செல்லாது.

சட்டம் சும்மா வரவில்லை. அது வருவதற்கு முன்னால் பெண்கள் மணிக்கணக்காக ஓடிவிட்டு, பந்தைத் தொடாமலே வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆகவே சட்டம் நல்லதுதான். நோரீனும் அதற்குக் கை தூக்கியவள்தான். ஆனால் சட்டம் கையைப் பிடித்து இழுத்துக் கொடுக்க வைக்கிற பந்து எப்படி இருக்கும் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

எறிகிறவன் டேல் பெட்டினாட்டோ. குழாய் வேலைக்காரன், அணிக்குச் சட்டை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். நல்ல மனுஷன், அதில் குறை சொல்ல முடியாது. திறப்பு ஆட்டத்தில் அவன் எறிகிற பந்து காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், டிரெண்ட் என்கிற இளவட்டம் பறந்து பிடிப்பான். பூட்டு ஆட்டத்தில் அதே டேல் ஐந்தடி தூரத்தில் நிற்கிற நோரீனுக்கு, பந்தியில் கடைசி இலைக்குப் பாயசம் ஊற்றுகிற மாதிரி, கடனே என்று ஒன்றைத் தூக்கிப் போடுவான். அவள் பிடிப்பாள். உடனே யாராவது நாடாவை உருவுவார்கள். "நல்லா புடிச்ச நோரீன்," என்பான் டேல், அடுத்த இரண்டு ஆட்டத்தை யோசித்துக்கொண்டே. ஒப்புக்குச் சப்பாணி என்று சொல்வார்களே, அதுதான்.

இருந்தும் அவள் திறப்பு ஆட்டங்களில் ஓடுவாள். கடைசிக் கோடு வரைக்கும் முழுசாக ஓடித் திரும்பி, இரண்டு கையையும் உயர்த்திக் காட்டுவாள். பந்து வேறெங்கோ போகும். திரும்பி நடந்து வருவாள்.

"ஏன்டி இப்படி ஓடிச் சாகுற?" என்பாள் கூட ஆடுகிற மார்லா. "திறப்புல நமக்கு என்ன வேலை? சும்மா நின்னு மூச்சு வாங்கு."

"ஒருவேளை போட்டான்னா?"

"ஒருவேளையாம் ஒருவேளை. டேல் உனக்குத் திறப்புல போட்டா நான் இந்த ஏரியில துணியோட குதிக்கிறேன்."

இதைக் காதல் கீதல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். டேல் பக்கத்தில் வந்தாலே அடைத்த சாக்கடையின் வாசனை வரும், ஞாயிற்றுக்கிழமையிலும். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. சட்டம் கேட்காத நேரத்தில், எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, 'இவளுக்குப் போடலாம்' என்று தானாக நினைத்து அவன் ஒரு பந்து எறிய வேண்டும். வருஷம் பதினொன்று ஆகியும் அந்த ஆசை அடங்கவில்லை. கண்ணாடிக் கடையில் யாரோ ஒருவரின் காதுக்குப் பின்னால் ஃபிரேமைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது அது நினைவுக்கு வரும், நெஞ்சு ஏங்கும். ஒரு பந்துக்கு இவ்வளவு ஏங்குவது வெட்கமாகவும் இருக்கும். ஆகவே வால்ட்டைத் தவிர யாரிடமும் அவள் சொன்னதில்லை.

வால்ட் மைதானத்தின் ஓரத்தில் காரை நிறுத்தி, கண்ணாடியைப் பாதி இறக்கி, காபி குடித்துக்கொண்டே பார்ப்பவர். "வாய தொறந்து கேளேன்," என்றார் ஒருநாள்.

"கேட்டு வாங்கினா அதுவும் பூட்டுதானே?" என்றாள்.

அந்த வருஷம் முழங்கால் கைவிட்டது. எலும்புக்கு நடுவில் இருக்க வேண்டிய மெத்தை தேய்ந்துபோயிற்று, குளிர்காலத்தில் அறுவை, அதற்குப் பிறகு ஓட்டம் கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதையும் அவள் அணியில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பாவம் பார்த்து ஒரு பந்து போடுவார்கள். அந்தப் பந்து யாருக்கு வேண்டும்?

அக்டோபர் கடைசியில் அரையிறுதி. எதிரணி ஹார்பர் மதுக்கடைக்காரர்கள், பருவம் முழுக்க முதலிடத்தில் இருந்தவர்கள். ஏரியிலிருந்து அடித்த காற்றில் எல்லார் காதும் சிவந்திருந்தது. நடுவர் லூ, ஓய்வுபெற்ற தபால்காரர். அவர் ஊதுகிற ஒவ்வொரு விசிலுக்கும் ஒரு வசவு வாங்குவார்.

"யோவ் லூ, கண்ண டெஸ்ட் பண்ணுய்யா!" என்று கத்தினான் டிரெண்ட்.

"என் கண்ணாடிய செஞ்சு குடுத்தது உங்க நோரீன்தான். கோளாறுன்னா அவகிட்ட கேளு," என்றார் லூ.

கடைசி நிமிஷம். டேலின் அணி ஆறு புள்ளி பின்தங்கியிருந்தது. முதல் ஆட்டம் திறப்பு, டிரெண்ட் பிடித்தான். இரண்டாவதும் திறப்பு, மறுபடி டிரெண்ட் பிடித்தான். ஆனால் பந்து கிளம்புவதற்கு முன்பே எதிரணியில் ஒருத்தன் பந்து வைத்த கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டான் என்று, தவறுக்கு அடையாளமான மஞ்சள் துணியை லூ தரையில் போட்டிருந்தார். தண்டனையாகப் பந்தை ஐந்து கஜம் முன்னால் வைத்தார்கள். அப்படித் தண்டனை விழுந்த ஆட்டம் கணக்கில் சேராது. ஆகவே அடுத்ததும் இரண்டாவதுதான், திறப்புதான். லூ, "திறப்பு!" என்று கத்தினார். அந்தக் குரலைக் காற்று அள்ளிக்கொண்டு போயிற்று.

நோரீனுக்குக் குரல் தேவையில்லை. பதினொரு வருஷமாக ஆட்டத்துக்கு ஆட்டம் எண்ணிக்கொண்டு வருகிறவள். எதிரணிக்கும் திறப்பு என்று தெரியும், அதனால் அவளைக் காவல் காக்க ஒருத்தரும் வரவில்லை. வழக்கம்போல ஓடினாள். வழக்கம்போல திரும்பினாள். பந்து அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது.

பிடித்தாள். முழங்கால் என்ன சொன்னது என்று காதில் வாங்காமல் ஓடினாள். பின்னால் துரத்தியவர்களுக்கு நாடா எட்டவில்லை. கடைசிக் கோட்டைத் தாண்டினாள், ஆறு புள்ளி.

மார்லா வந்து கட்டிக்கொண்டாள். டிரெண்ட் டேலைத் தூக்கிச் சுற்றினான். "என்னா மூளைய்யா உனக்கு! திறப்புல பொம்பளைக்குப் போடுவான்னு எவன் நெனப்பான்?" என்றான். எதிரணிக்காரன்கூட, "ஏமாத்திட்டியே குழாய்க்காரா," என்று சிரித்தான். நோரீன் யாரையும் கவனிக்கவில்லை. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவன் பார்த்தான், நினைத்தான், எனக்குப் போட்டான். இவ்வளவுதான் மனசில் ஓடியது.

டேலிடம் போனாள். "திறப்புல போட்டியே டேல்," என்றாள். நன்றி சொல்லத்தான் போனாள். வாயில் வந்தது இதுதான்.

டேல் முகம் மாறியது. சுற்றும் பார்த்துவிட்டு அவள் பக்கம் குனிந்தான். "திறப்பா அது? டிரெண்டுக்கு ரெண்டு போயிருச்சே, இது பூட்டுன்னு நெனச்சேன். மஞ்சத் துணிய மறந்தே போயிட்டேன். காத்துல லூ கத்துனதும் கேக்கல, முஷ்டிய தூக்கினாரான்னும் பாக்கல. இவனுங்ககிட்ட சொல்லித் தொலைக்காத, இப்பத்தான் என்னை மூளக்காரன்னு சொல்றானுங்க."

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. கண்ணடித்துவிட்டு அவன் போய்விட்டான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. இத்தனை வருஷம் இல்லாததைக் கொடுத்தமாதிரி கொடுத்து, அவள் அதைச் சரியாகத் தொட்டுப் பார்ப்பதற்குள் பிடுங்கிக்கொண்டாகிவிட்டது.

ஆட்டம் இன்னும் முடியவில்லை. புள்ளி சமன், நேரம் தீர்ந்தாயிற்று, கோடு தாண்டியதற்குக் கிடைக்கிற கூடுதல் ஆட்டம் ஒன்று மட்டும் பாக்கி. ஐந்து கஜத்திலிருந்து ஒரே ஒரு முறை எறியலாம், கோட்டுக்கு அப்பால் பிடித்தால் ஒரு புள்ளி. சமனாகவே முடிந்தால் பட்டியலில் மேலே இருக்கும் அணிதான் இறுதிக்குப் போகும் என்பது சட்டம். ஹார்பர்காரர்கள்தான் மேலே. இந்தக் கூடுதல் ஆட்டத்துக்குப் பூட்டு கிடையாது, எப்போதும் திறப்பு.

எல்லாரும் வட்டமாகக் குனிந்தார்கள். டேல் உள்ளங்கையில் விரலால் கோடு போட்டான். "டிரெண்ட், நீ பின் மூலைக்கு ஓடு. மத்தவங்க இடது பக்கமா இழுத்துட்டுப் போங்க."

"எனக்குப் போடு," என்றாள் நோரீன்.

டிரெண்ட் சிரித்துவிட்டான். "இப்பத்தானே ஒண்ணு வாங்குனீங்க? ஒரு பந்துக்கே ஸ்டார் ஆயிட்டீங்களா?"

அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. டேலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது பூட்டு இல்ல டேல். உனக்கே தெரியும். தெரிஞ்சு போடு. இல்ல, தெரிஞ்சு போடாம இரு."

கேட்டு வாங்கினால் அதுவும் பூட்டுதான் என்று சொன்னவள் அவளேதான். ஆனால் அவளுக்கு இனி காத்திருக்க முழங்கால் இல்லை. மார்லா குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினாள். டேல், "சரி, ரெடியாகுங்க," என்றான். சரி யாருக்குச் சொன்னது என்று தெரியவில்லை.

விசில். நோரீன் வலப்பக்கம் ஓடினாள். முன்பு ஏமாந்த கோபத்தில் இந்த முறை எதிரணிப் பெண் ஒருத்தி அவள் தோளோடு ஒட்டிக்கொண்டு வந்தாள். நோரீன் கோட்டைத் தாண்டித் திரும்பினாள். அங்கிருந்து எல்லாம் தெரிந்தது. பின் மூலையில் டிரெண்ட் தன்னந்தனியாக நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தான், குருடன்கூட அவனுக்குப் போடுவான். டேல் டிரெண்டைப் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். பிறகு நோரீனைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு கணக்கு ஓடி முடிந்ததை அவள் கண்ணால் கண்டாள்.

எறிந்தான்.

பாயசம் ஊற்றுகிற பந்து இல்லை. டிரெண்டுக்கு எறிகிற பந்து. காவலுக்கு நின்ற பெண்ணின் விரலைத் தாண்டி, நேராக நெஞ்சுக்கு வந்தது. பந்தின் வெள்ளைத் தையல் சுழல்வது தெரிந்தது. வருகிறது, எனக்கே வருகிறது, என்று அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். விரலை மூட வேண்டும் என்கிற நினைப்பு ஒரு இமைப்பொழுது பிந்தி வந்தது. பந்து இரண்டு உள்ளங்கையிலும் அடித்து, புல்லில் விழுந்து உருண்டது.

லூ விசில் ஊதினார், ஹார்பர்காரர்கள் கத்தினார்கள். டிரெண்ட் பெல்ட்டைக் கழற்றித் தரையில் அடித்துவிட்டுப் போனான். டேல் மெல்ல நடந்து வந்தான். "கொஞ்சம் வேகமா போட்டுட்டேன்," என்றான்.

"இல்ல டேல். சரியாத்தான் போட்ட."

அவன் தலையாட்டினான்.

தோற்ற பிறகு வழக்கமாகப் போகிற பிட்சா கடையில் அன்றைக்கும் கூடினார்கள். உள்ளே இறைச்சி வைத்துச் சுட்ட பெப்பரோனி உருண்டையும் பீரும் உள்ளே போனதும் கோபம் தணிந்துவிட்டது. பேச்செல்லாம் முதல் பந்தைப் பற்றித்தான். டேலின் மூளை, நோரீனின் ஓட்டம். இரண்டாவதை யாரும் எடுக்கவில்லை, அவள் மனசு நோகக் கூடாது என்று. ஏரியில் குதிப்பது எப்போது என்று மார்லாவைப் பிடித்துக்கொண்டார்கள். நோரீனும் எல்லாரோடும் சிரித்தாள்.

காரில் வால்ட் ஹீட்டரைத் திருப்பிவிட்டு, "கடைசியில திறப்புல ஒண்ணு வாங்கிட்ட பாத்தியா?" என்றார். "என்னா ஓட்டம்! இனிமே நிம்மதியா காலைக் குடு டாக்டர்கிட்ட."

"அது எனக்குப் போட்டது இல்ல வால்ட். எண்ணிக்கை தப்பி வந்தது. அடுத்ததுதான் எனக்குப் போட்டது."

"அதை விட்டுட்டியேம்மா," என்றார் வால்ட்.

"ஆமா, விட்டுட்டேன்," என்றாள். "அந்தப் பய தெரிஞ்சுதான் போட்டான். டிரெண்ட் சும்மா நின்னான், அவனையும் பாத்துட்டு எனக்குப் போட்டான். நான் அது வர்றதையே பாத்துட்டு நின்னுட்டேன்."

ஒரு பந்து வராதா என்று ஏங்கியது அன்றோடு தீர்ந்தது. வந்த பந்து இன்னொரு முறை வராதா என்கிற ஏக்கம் அந்தக் காரிலேயே தொடங்கிவிட்டது. அதற்கு இனி ஓடுவதற்குக் கால் இல்லை. வீட்டு வாசலில் வால்ட் வண்டியை நிறுத்தியும் அவள் இறங்கவில்லை. அவரும் அவசரப்படுத்தாமல் இன்ஜினை மட்டும் அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.