ஆயிரம் கோடிக்கு ஒரு மொட்டை

வடமாலபேட்டை முனிரத்தினம் திருப்பதியில் ஆட்டோ ஓட்டுகிறவன். தங்கமான மனுஷன்தான், சினிமா ஹீரோ பேச்சை எடுத்தால் மட்டும் புத்தி கழன்றுகொள்ளும். ஹீரோவின் புதுப்படம் வசூலில் ஆயிரம் கோடி தாண்டும்வரை முடி வெட்டுவதில்லை, தாண்டினதும் மலையேறி மொட்டை என்று பெருமாளிடம் வேண்டிக்கொண்டான். பைத்தியக்காரன்!

படமோ தொள்ளாயிரத்து எண்பதில் வந்து உட்கார்ந்துகொண்டது. உள்ளூரில் பார்க்கிறவர்களெல்லாம் பார்த்தாயிற்று. மிச்சம் வெளிநாட்டிலிருந்து வந்தால்தான் உண்டு.

"அரபு நாட்டுல சென்சார்ல தடை போட்டுட்டாங்கண்ணா. வில்லன் அவங்க ஊரு ஆளாம். அங்க வேலை பாக்கற எங்கண்ணன் டிக்கெட் வாங்கப் போயிட்டுச் சும்மா திரும்பி வந்தான்" என்றான் ஆட்டோ ஸ்டாண்டு சலீம்.

"சீனா இருக்குதுல்ல?"

"அங்க வருஷத்துக்கு இத்தினி வெளிநாட்டுப் படம்தான்னு கணக்காம். இந்த வருஷம் நம்ம படத்துக்கு இடமில்லையாம்."

எட்டு மாதத்தில் தாடி மார்பைத் தொட்டது. அவன் முடி அவன் கையிலா இருந்தது? கடல் தாண்டி எவனோ முகம் தெரியாத ஆபீசர் கையில் இருந்தது. மகள் ஹரிதாவின் கல்யாணத்துக்குப் பத்தே நாள். மனைவி யசோதா கத்தித் தீர்த்தாள்.

"சம்பந்திங்க முன்னாடி பூச்சாண்டி மாதிரி நிக்கப்போறியா? பொண்ணை யாரு தாரை வார்க்கறது?"

"முடியை எடுத்தா சாமி குத்தம்டி. உங்கண்ணன் தாரை வார்க்கட்டும். நான் பந்தியில சாம்பார் ஊத்திக்கினு இருக்கறேன்."

ஹரிதா கத்தவில்லை. டீயைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"நைனா, உன் ஹீரோவுக்குக் காய்ச்சல்னு நூத்தியெட்டு தேங்கா உடைச்ச. படம் ஓடணும்னு முட்டி போட்டு மலையேறின. எனக்குன்னு எப்பனா எதுனா வேண்டிக்கினியா?"

யோசித்து யோசித்துப் பார்த்தான். இருபத்துமூன்று வருஷத்தில் ஒன்றுகூட இல்லை. பாவி, அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாய்ப் போனது.

மறுநாள் விடிந்ததும் மலையடிவாரத்து அலிபிரியில் ஆட்டோவை நிறுத்திவிட்டுப் படியேறினான். மொட்டை அடிக்கிறவர் அந்தச் சடையைப் பார்த்து மலைத்து, என்ன வேண்டுதல் என்று தெலுங்கில் கேட்டார்.

"எம் பொண்ணு நல்லா இருக்கணும்" என்றான் தமிழிலேயே.

சாயங்காலம் வாசலில் நின்ற மொட்டையைப் பார்த்து யசோதா பதறினாள். "படம் தாண்டிடுச்சா?"

"இல்ல. அது பாக்கி இருக்குது. அந்த ஆபீசருங்க எப்ப விடறாங்களோ அப்ப இன்னொரு தபா அடிச்சுக்கறேன். இது ஹரிதாவுது."

ஹரிதா சந்தனக் கிண்ணத்தோடு வந்து, மலையில் பூசியது திட்டுத்திட்டாய்க் காய்ந்திருந்த தலையில் மறுபடி பூசினாள்.

"நைனா, தாரை வார்க்கறது யாரு?"

"நான்தாம்மா" என்றான் முனிரத்தினம். "வேற எவன் வார்ப்பான்?"