பெரியப்பா வீட்டில் பத்தொன்பது கொழுக்கட்டை

வெள்ளை மாதத்தின் முதல் நாள் ஒரு மங்கோலியப் பெண் எங்கே இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. பெற்றவர்களின் முழங்கைக்கு எட்டும் தூரத்தில். இளையவர் இரு கைகளையும் நீட்டி, மூத்தவரின் முழங்கைகளைக் கீழிருந்து தாங்கி, "அமைதியா இருக்கீங்களா?" என்று கேட்டால்தான் புது வருஷம் பிறந்ததாக அர்த்தம். உந்தர்மா அன்று தார்கான் நகரத்தில் இருந்தாள். அவளுடைய அப்பா சோய்ஜிலின் முழங்கைகளோ வெகு தூரம் மேற்கே, சவ்கானில், ஓர் ஆட்டுப்பட்டியில் இருந்தன.

உந்தர்மாவுக்கு இருபத்தொரு வயது. மார்மன் என்ற கிறிஸ்தவ சபையின் ஊழியத்துக்காகப் பதினெட்டு மாதம் வீட்டை விட்டுப் போகிறேன் என்று அவள் சொன்ன நாளில் அப்பா கத்தவில்லை. குதிரைக்குச் சேணம் பூட்டியபடியே, "வெள்ளை மாசத்துக்கு இங்க இருப்பா, பாரு" என்று அம்மாவிடம் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். பக்கத்துக் கூடாரத்துத் தொர்ஜிடமும் போய்ச் சொன்னார். தொர்ஜ் சும்மா இருக்கிற ஆளா? "என்ன பந்தயம்?" என்றான். வெள்ளிப் பட்டை வைத்த அந்தச் சேணமே பந்தயமாயிற்று.

நான்கு மாதம் ஓடிவிட்டது. வாரத்துக்கு ஒரு நாள் வீட்டுக்குப் பேச சபை அனுமதிக்கிறது. அம்மா பேசுவாள், தம்பி பேசுவான், ஒருமுறை ஆட்டுக்குட்டிகூடப் பேசியது. அப்பா மட்டும் சரியாக அந்த நேரத்துக்குத் தொலைந்துபோகும் ஏதோ ஓர் ஆட்டைத் தேடப் போயிருப்பார். வேறு எந்த நேரத்திலும் அந்த ஆடு தொலைவதில்லை. போன வாரம் அம்மா, "ஃபோன்லயாவது அவ வணக்கத்த வாங்கிக்கங்கன்னு சொன்னேன். 'ஃபோனுக்கு முழங்கை எங்க இருக்கு'ன்னு கேக்கறாரு" என்றாள்.

உந்தர்மா அன்றே இரண்டு முடிவு எடுத்தாள். ஒன்று, ஊழியத்தை முடிக்காமல் ஊருக்குப் போவதில்லை. இரண்டு, வெள்ளை மாதத்தில் அப்பா தன் வணக்கத்தை வாங்கியே தீரவேண்டும். இரண்டும் ஒன்றையொன்று முட்டும் என்று யாராவது எடுத்துச் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள். பிடிவாதம் அந்தக் குடும்பத்துக்குத் தாய்ப்பாலோடு வருவது.

பண்டிகைக் காலையில் இரவல் பட்டு அங்கியைப் போட்டுக்கொண்டு, அதன்மேல் சபை கொடுத்த கறுப்புப் பெயர்ப்பட்டையைக் குத்திக்கொண்டு கிளம்பினாள். அங்கி இரண்டு அளவு பெரிது. அது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்பது ஐந்தாவது வீட்டில்தான் தெரிந்தது. கூடவே அவளுடைய துணை ஊழியக்காரி, அமெரிக்காவின் ஐடஹோவைச் சேர்ந்த சகோதரி டோல்மன். டோல்மன் மங்கோலிய மொழியை வகுப்பில் கற்றவள். யார் முழங்கையை யார் தாங்குவது என்ற கவலையில் வீட்டுக்கு வீடு, "தாங்கள் எந்த ஆண்டில் பிறந்தீர்கள் என்று அறியலாமா?" என்று ஒவ்வொருவராக விசாரித்தாள். ஒரு வீட்டில் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருத்தி, "எதுக்கும்மா, பொண்ணு பாக்க வந்தியா?" என்று கேட்டுவிட்டாள். அதோடு, தட்டில் வைத்ததையெல்லாம் காலி செய்வதுதான் மரியாதை என்று சொல்லி டோல்மனை வீட்டில் வளர்த்திருந்தார்கள். இங்கே காலித் தட்டுக்கு, பசி இன்னும் அடங்கவில்லை என்று பொருள். ஐந்து வீட்டிலும் அவள் தட்டு மூன்று முறை நிறைந்தது.

வெள்ளை மாதத்து மேசையில், தேயிலையும் மதுவும் தொடக்கூடாத மார்மன்களுக்கு என்ன மிஞ்சும் என்று பாருங்கள். பால் தேநீரில் தேயிலை இருக்கிறது, கூடாது. குதிரைப்பால் புளித்தது, கூடாது. வோட்கா கூடவே கூடாது. வீட்டுக்காரர் மரியாதைக்கு நீட்டும் மூக்குப்பொடி டப்பியை மட்டும் வாங்கி, மூடியை மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். அதற்கு மேலுலகத்தில் ஆட்சேபணை இருக்காது என்று உந்தர்மா தன் பொறுப்பில் தீர்மானித்திருந்தாள். ஆக மிச்சம், கொழுப்பும் மாவும். ஆவியில் வெந்த ஆட்டிறைச்சிக் கொழுக்கட்டைக்கு எந்த வேதத்திலும் தடை இல்லை.

ஆறாவது வீடு கொம்போ பெரியப்பாவுடையது. ரத்த உறவில்லை. அப்பாவோடு பட்டாளத்தில் ஒரே டாங்கியில் உட்கார்ந்தவர். அப்பா அவரை அண்ணன் என்பார். முந்தின நாள் அவரே கூப்பிட்டு, "உன் அப்பன் உனக்கு ஏதோ சொல்லி விட்டிருக்கான். வந்து வாங்கிட்டுப் போ" என்றிருந்தார்.

முழங்கைகள் தாங்கப்பட்டன, பொடி டப்பி கைமாறியது, டோல்மன் பிறந்த ஆண்டை விசாரித்தாள். செர்மா பெரியம்மா தேயிலை போடாத பால்வெந்நீரைக் கொண்டுவந்து வைத்தாள். அப்புறம் கொம்போ நீலப் பட்டுத் துணியில் ஒரு வெள்ளிக் கிண்ணத்தை ஏந்தி நீட்டினார். விளிம்புவரை வோட்கா.

"பெரியப்பா, நான்..."

"தெரியும். மோதிர விரல நனைச்சுத் தெளிக்கறது, உதட்டுல தொட்டுட்டுத் திருப்பறது, குடிக்காம தப்பிக்கற அந்த வித்தையெல்லாம் இன்னிக்கு வேணாம். இத நீ காலி பண்ணா உன் அப்பன் உடனே ஃபோன்ல வர்றானாம். வணக்கமும் வாங்கிக்கிறானாம்."

"குடிக்கலன்னா?"

"ஆடு தேடப் போயிடுவானாம்."

உந்தர்மா கிண்ணத்தை இரு கையாலும் வாங்கினாள். ஒரு மடக்கு. பதினெட்டு மாதத்தில் ஒரே ஒரு மடக்கு. டோல்மன் தன் தட்டோடு போராடிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாள். நான்கு மாதமாகக் கேட்காத குரல் ஒரு பொத்தான் தூரத்தில் இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு அப்பா குதிரை பழக்குவது ஞாபகம் வந்தது. முதல் நாள் அவர் ஏறமாட்டார், சாட்டையைத் தொடமாட்டார். கழுத்தை ஒரு பக்கம் கொஞ்சம் வளைக்க வைப்பார், அவ்வளவுதான். வளைந்த கழுத்து மறுநாள் சேணத்தையும் வாங்கிக்கொள்ளும். இந்தக் கிண்ணத்துக்குப் பின்னால், ஊழியத்தைப் பாதியில் விட்டுச் சவ்கான் போகும் பேருந்து நிற்கிறது.

கிண்ணத்தை இரு கையாலும் திருப்பி நீட்டினாள்.

"நீங்களே குடிங்க பெரியப்பா. பெரியவங்க குடுத்தத திருப்பினது தப்புதான். அபராதத்த கொழுக்கட்டைல போடுங்க."

கொம்போவின் புருவம் ஏறியது. "உன் அப்பன் பட்டாளத்துல ஒரே மூச்சுல இருபத்தி நாலு தின்னான். தெரியுமா?"

"வெறும் வயித்துலதானே? நான் அஞ்சு வீடு முடிச்சிட்டு வர்றேன்."

"அடி, செர்மா," என்றார் கொம்போ, "அடுப்ப ஏத்து."

எட்டு வரை உந்தர்மா பேசிக்கொண்டே தின்றாள். பன்னிரண்டில் பேச்சு நின்றது. பதினைந்தில் அங்கியின் தாராளமும் தீர்ந்தது.

"சகோதரி, தாங்கள் நலமாக இருக்கிறீர்களா?" என்றாள் டோல்மன்.

"பேச வைக்காதீங்க. அதுக்கு உள்ள இடம் இல்ல."

"விடுங்களேன், பச்சப் புள்ள" என்றாள் செர்மா.

"நானா ஊட்டறேன்?" என்றார் கொம்போ. ஆனால் அவரும் தன் கிண்ணத்தை மறந்துவிட்டு அவள் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபதாவதைக் கையில் எடுத்தாள். வாய்வரை கொண்டுபோய், பார்த்துவிட்டு, தட்டில் வைத்தாள். "பத்தொம்பது, பெரியப்பா. இதுக்கு மேல முடியல."

கொம்போ ஃபோனை எடுத்து ஒலிபெருக்கியில் போட்டார். முதல் மணியிலேயே மறுமுனை எடுத்தது. தொலைந்த ஆடு இன்று சீக்கிரம் கிடைத்துவிட்டது போலும்.

"குடிச்சாளா அண்ணே?"

"இல்ல."

"உதட்டுலயாவது தொட்டாளா?"

"தொடல."

"அப்பறம் எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"பத்தொம்பது கொழுக்கட்டை தின்னா. ஆறாவது வீட்டுல."



"உங்க வீட்டுக் கொழுக்கட்டை பெருசாச்சே."

"பெருசுதான்."

"பக்கத்துல இருக்காளா?"

"இருக்கா. ஆனா ஃபோனுக்கு முழங்கை இல்லயேடா, என்ன பண்றது?"

"உங்களுக்கு இருக்குல்ல?" என்றார் சோய்ஜில்.

கொம்போ எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார். உள்ளங்கைகளில் நீலத் துணியை விரித்து, அதன்மேல் ஃபோனை வைத்துக் கைகளை நீட்டினார். உந்தர்மா மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சட்டென்று எழும் நிலையில் அவள் இல்லை. அவருடைய முழங்கைகளைக் கீழிருந்து தாங்கினாள்.

"அப்பா. அமைதியா இருக்கீங்களா?"

"இருக்கேன். நீ?"

"இருக்கேன்ப்பா."

"எப்ப வர்ற?"

"இன்னும் பதினாலு மாசம்."

"ம். தொர்ஜ் காலைலேருந்து நம்ம வாசல்லயே நிக்கறான்."

"வணக்கம் சொல்லவா?"

"சேணத்துக்கு."

"குடுத்துடுங்கப்பா."

"குடுக்கறேன், குடுக்கறேன். வெள்ளிப் பட்டைய ஒரு தடவ தொடச்சிட்டுக் குடுக்கறேன்."