கணக்குக்கு ஒரு ஜன்னல்

பழைய வீட்டுக்குக் கதவு ஜன்னல் மாற்றிக் கொடுக்கிற தச்சனுக்கு, புது வீட்டில் வேலை செய்கிறவனைவிட இரண்டு பங்கு பாடு, பாதி மரியாதை. நிலையைப் பெயர்த்தால் சுவரும் பாதி கூடவே வரும், வீட்டுக்காரர் கோபம் முழுசாக வரும். சோற்றுப்பானையில் மண் விழ, கதவில்லாத வாசலுக்குக் கோணியைத் தொங்கவிட்டுப் படுத்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால் நாம் ஒரே கட்சிதான். அயனம்பாக்கத்தில் மாசிலாமணி வீட்டுக்குத் தச்சு வேலைக்குப் போய் நான் பட்டதைக் கேளுங்கள்.

தேக்கும் மாமரமும்

பர்மாவில் சண்டை மூண்டு தேக்கு வரத்து நின்றுபோன சமயம். மாசிலாமணிக்கு ஏரிப் பாசனத்தில் நல்ல நிலம், நல்ல வரும்படி. கறையான் அரித்த கதவு ஜன்னல் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று என்னைப் பூந்தமல்லி மரவாடிக்குக் கூட்டிப்போனார். தர்ப்பூசணி வாங்குகிறவர் மாதிரி ஒவ்வொரு மரத்தையும் தட்டித் தட்டிப் பார்த்தார். கடைசியில் தெருவாசலுக்கு மட்டும் தேக்கு, உள்ளே எல்லாம் மாமரம் என்று முடித்தார்.

மாமரம் சீக்கிரம் உளுத்துவிடும், பின்கட்டு அறைக்கு வேம்பாவது போடலாம் என்றேன். அந்த அறையில் இருந்தது அவர் மகள் தனம். கல்யாணமான வருஷமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்தவள். இருபது வயதுகூட இருக்காது. மாசிலாமணி என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். "அந்த ரூம்ல தனம்தான கீறா? அதுக்கு இன்னாத்துக்கு ஆசாரி நல்ல மரம்?"

ஏரிப் பக்கத்து ஜன்னல்

அந்த அறைக்கு ஒரே ஜன்னல். திறந்தால் ஏரி. துணி துவைக்கிறவர்கள், நடவுக்குப் போகிற பெண்கள், தண்ணீரில் கிடக்கிற எருமைகள் எல்லாம் தெரியும். தனம் வெளியே வருவதில்லை, வர விடுவதுமில்லை. அவளுக்குப் பொழுது போவது அந்த ஜன்னலில்தான். நான் அளவெடுக்கப் போனபோது ஒதுங்கி நின்றுகொண்டு, "கம்பியைக் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போடுவீங்களா அண்ணே?" என்று கேட்டாள். போடுகிறேன் என்றேன்.

மறுநாள் மாசிலாமணி வந்து, அந்த ஜன்னலே வேண்டாம், அடைத்துவிடு என்றார். ஏரிக்கரையில் போன பங்காளி ஒருவர், அவள் அங்கே நிற்பதைப் பார்த்துவிட்டு வந்து ஏதோ சொன்னாராம். காற்றில்லாமல் அந்தப் பெண் எப்படி இருக்கும் என்று கேட்டுவிட்டேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "போறவன் வர்றவன் எல்லாம் பாத்துக்கினு போறான். இங்க என் மானம் போவுது, உனக்குக் காத்து கேக்குதா?"

ஒற்றைப்படை

ஜன்னலை அடைத்தால் வேறொரு சிக்கல். வீட்டிலிருக்கும் கதவும் ஜன்னலும் சேர்ந்து இரட்டைப்படையில் வர வேண்டும் என்பது மனையடி சாஸ்திரம். ஒன்று குறைந்தால் ஒற்றைப்படை. மாசிலாமணியின் மனைவி விரல்விட்டு எண்ணிப் பார்த்து, குடும்பத்துக்கே ஆகாது என்று அழுதாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். சாஸ்திரமாவது அந்தப் பெண்ணுக்குப் பரிந்து பேசுகிறதே என்று நினைத்தேன்.

திருமழிசையிலிருந்து மனை பார்க்கிறவரை அழைத்து வந்தார்கள். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே வழி சொன்னார். வெளிப்பக்கம் செங்கல் வைத்து அடைத்துவிட வேண்டும், உள்பக்கம் புதுச் சட்டமும் கதவும் மாட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். திறந்தால் சுவர் இருக்குமே, அது எப்படி ஜன்னலாகும் என்று கேட்டேன். அவர் எச்சிலைத் துப்பிவிட்டு வந்து பதில் சொன்னார். "கீல் கீதா? கதவு தொறக்குதா? அப்போ அது ஜன்னல்தான்யா. அந்தாண்ட இன்னா தெரியுதுன்னு சாஸ்திரம் கேக்கல."

ஒரு செங்கல்

கொத்தனார் சுவர் வைக்கும்போது மேல் வரிசையில் ஒரு செங்கல்லை விட்டுவிடச் சொன்னேன். அவரும் பெண்ணைப் பெற்றவர், மறுபேச்சு பேசாமல் விட்டார். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு அது வெறும் ஓட்டை. உள்ளே பெட்டி மேல் ஏறி நின்றால் ஏரி கொஞ்சம் தெரியும். தனத்திடம் நாங்கள் எதுவும் சொல்லவில்லை. ஆனால் மத்தியானமே அவள் பெட்டியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

சாயங்காலம் மாசிலாமணி வீட்டைச் சுற்றி வந்தார், பார்த்துவிட்டார். என்னைத் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். திட்டவில்லை. விழுந்த ஓலையை எடுத்துப் போடக்கூட ஆள் கூப்பிடுகிற மனுஷன், தானே சேற்றைக் குழைத்து, தானே ஏணியில் ஏறி, அந்த ஒரு செங்கல்லை வைத்துப் பூசினார். இறங்கி வந்து கையைக் கழுவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். "எலி பூந்துடும் ஆசாரி."

வெள்ளிக்கிழமை

தெருவாசல் கதவு தரையில் உரசுகிறது என்று சில நாள் கழித்துக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை, விளக்கு வைப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று உத்தரவு. நான் அடிப்பக்கம் இழைத்துக்கொண்டிருந்தேன். மாசிலாமணியின் மனைவி ஒவ்வோர் அறையாகப் போய், லட்சுமி வருகிற நேரம், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று சொல்லிக்கொண்டே போனாள். பழக்கத்தில் பின்கட்டு வாசலிலும் நின்று, "உன் ஜன்னலைத் தொறந்தியாடி தனம்?" என்று கேட்டாள்.

கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்பது அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். உள்ளே கொண்டியை எடுக்கும் சத்தம் கேட்டது. புதுக் கதவுகள் இரண்டும் திறந்து பக்கச் சுவரில் இடித்தன. தனத்தின் குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. "தொறந்துட்டேன்மா. லட்சுமி செங்கல்லுக்கு அந்தாண்ட நின்னுகினு கீறா, நீயே போய்க் கூட்டிக்கினு வா."

சாரல் அடிக்கிறது, வெயில் வருகிறது, கொசு வருகிறது என்று இன்றுவரை எந்தக் குறையும் சொல்லாமல் ஒரு வீட்டுக்காரர் ஒப்புக்கொண்ட ஜன்னல், என் தொழிலில் அது ஒன்றுதான்.