சமாதான மாநாட்டில் கோப்பி ஊற்றியவள்

ஒஸ்லோவில் நான் வேலை செய்யும் ஹோட்டலின் கோப்பி வரிசையைப் பார்த்தால், உலகத்தில் சண்டையே இல்லை என்று தோன்றும். சென்ற மாதம் பல நாடுகளின் பாராளுமன்ற உறுப்பினர்கள் அங்கே கூடினார்கள். பிராந்திய சமாதானத்துக்கும் பாதுகாப்புக்கும் பாராளுமன்றங்கள் என்ன செய்யலாம் என்று இரண்டு நாள் பேச்சு. இலங்கையிலிருந்து வந்த எங்கள் வன்னி உறுப்பினரும், கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டிலிருந்து வந்தவரும் "முதலில் நீங்கள்" என்று ஒருவருக்கொருவர் வழிவிட்டார்கள். கோப்பி ஊற்றியது நான்.

அன்று காலைதான் மன்னாரில் எங்கள் மீனவ ஊரான பேசாலையிலிருந்து தம்பி அன்ரன் அழைத்திருந்தான். அக்கரையிலிருந்து வந்த இழுவைப் படகுகள் அவனுடைய வலைகளை அறுத்துக்கொண்டு போய்விட்டன. போர்க்காலத்தில் கடலுக்குப் போக நேவியிடம் பாஸுக்குக் காத்து நின்றவன் அவன். போர் முடிந்தால் கடல் திரும்பக் கிடைக்கும் என்று நம்பினோம். இழுவை மீன்பிடிக்கு எதிராகச் சட்டமும் வந்தது. சட்டம் கொழும்பிலேயே இருக்கிறது.

"அந்தப் படகில வாறவங்களைப் பிடிச்சு மறியல்ல அடைச்சாலும், அழுகிறது அதில கூலிக்கு வாற, எங்களை மாதிரி ஏழைச் சனம்தான் அக்கா. படகு முதலாளிமார் கடலுக்கு வாறதில்லை," என்றான்.

எங்கள் உறுப்பினரின் கோப்பையை நிரப்பும்போது சொன்னேன்: "ஐயா, நான் பேசாலை. என்ர தம்பியின்ர வலையை அறுத்துப்போட்டாங்கள்."

"பேசாலையோ? தேர்தலுக்கு அங்க வந்தனான். நல்ல சனம்."

"வலையைப் பற்றி இங்க கதைப்பீங்களோ?"

"அது இரண்டு நாட்டுப் பிரச்சினை, தங்கச்சி. இங்க பொதுவாத்தான் கதைக்கிறம்."

"இரண்டு நாடும் இந்த மேசையிலதானே இருக்குது. இங்க கதைக்காட்டி எங்க கதைப்பீங்கள்?"

எல்லாம் விளங்கியும் அக்கரைக்காரர் குனிந்து சீனியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

மேற்பார்வையாளர் இங்ரிட் வந்து என் தோளைத் தொட்டாள். "ஊர்க்காரரைக் கண்ட சந்தோஷம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் விருந்தினரோடு கதைக்கக் கூடாது." தமிழ் தெரியாத அவள் என் கோபத்தைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டாள். பதினெட்டு வருடம் பேசிய நோர்வேஜிய மொழியில் "சரி" என்று மட்டும் சொன்னேன். மீதி நேரம் பின்னால் சமையலறையில் நின்று பாத்திரம் கழுவினேன்.

மறுநாள் மண்டபத்தைத் துப்பரவாக்கும்போது அவர்களுடைய தீர்மானத்தின் பிரதி கிடைத்தது. உரையாடல் தொடர வேண்டுமாம். கடல் என்ற சொல்லே அதில் இல்லை. கிழித்துக் குப்பையில் போட்டேன், ஆத்திரம் தீரவில்லை.

அன்ரனிடம் சொன்னேன். "அந்தாளுக்குத்தான் நாங்கள் வோட்டுப் போட்டனாங்கள்," என்றான். இப்போது அவன் இன்னொருவரின் படகில் கூலிக்குப் போகிறான்.

அதற்கடுத்த கிழமை இங்கே நோர்வேயில் தேர்தல் நடந்தது. வோட்டுப் போடும் பள்ளிக்கூடத்தில் திரைக்குப் பின்னால் வெகுநேரம் நின்றேன். கடைசியில், இந்த நாட்டின் வடகரை மீனவருக்காகக் கதைக்கிற கட்சிக்குப் போட்டேன். அந்தக் கடலை நான் கண்டதேயில்லை.