ஐயா டிஸ்கஸில் இருக்கிறார்

பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பதுளைக்குப் போயிருந்தேன், எங்கள் லயத்து வரிசை வீடுகளின் தண்ணீர்க் குழாயைப் பற்றி முறையிட. மழை பெய்தால் அதில் சேறுதான் வரும். தண்ணீர்த் திட்ட அதிகாரியின் வீட்டில் சமையல்கார அம்மா, "ஐயா டிஸ்கஸ்ல இருக்காருங்க" என்றார். எங்கள் குழாயைப் பற்றித்தான் யாருடனோ பேசுகிறார் என்று நினைத்து, மகிழ்ச்சியோடு காத்திருந்தேன்.

உள்ளே கூப்பிட்டபோது அவர் தனியாக ஒரு கண்ணாடித் தொட்டியின் முன் குனிந்திருந்தார். ஒல்லியான மனிதர், முழங்கைவரை ஈரம். தொட்டிக்குள் தட்டுப் போல வட்டமான மீன்கள். அவற்றின் பெயர்தான் டிஸ்கஸாம்.

புதுத் தண்ணீரை ஊற்றுமுன், குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர் போல விரலை விட்டுச் சூடு பார்த்தார். "தண்ணி எப்பவும் ஒரே மாதிரி இருக்கோணும், தம்பி. கொஞ்சம் மாறினாலும் மீனுகள் கறுத்துப் போகும், சாப்பிடாதுகள்" என்றார், தன் யாழ்ப்பாணத் தமிழில்.

"எங்க குழாய்ல சேறு வருதுங்க ஐயா. புள்ளைங்களுக்கு வயித்தால போகுதுங்க."

அவர் முகம் உண்மையாகவே வாடியது. "ஐயோ பாவங்கள். அதைப் பற்றி டிஸ்கஸ் பண்ணுவம்."

அந்த விரலின் பக்குவத்தை நினைத்தால் இன்றும் எனக்கு அவர்மேல் முழுக் கோபம் வருவதில்லை. கொள்கையில் மாறாதவர். எங்கள் குழாயிலும் இன்றுவரை தண்ணீர் ஒரே மாதிரிதான் வருகிறது.