கழுவாத வெள்ளிக் கரண்டி

மரியசூசைக் கொத்தனார் கரண்டியைக் கழுவாமல் வீட்டுக்கு வந்தது ஒரே ஒரு நாள்தான். பென்னாகரத்திலிருந்து ஏரியூர் போகும் ரோட்டோரம் ஆஸ்பத்திரி கட்ட, ஒரு பெரிய அரசியல் தலைவர் வந்து அடிக்கல் நாட்டிய நாள் அது. விழாக்காரர்கள் வெள்ளியில் கொத்துக் கரண்டி செய்து தலைவரின் பெயரைப் பொறித்திருந்தார்கள். அவர் சுண்ணாம்புக் கலவையை அள்ளிக் கல்லுக்கடியில் வைத்தார். பிறகு, பக்கத்தில் நின்ற மரியசூசையிடம் கரண்டியை நீட்டினார்.

"கட்டி முடிச்சிட்டு எங்கிட்டக் கொண்டாந்து குடுங்க."

கட்டடம் வரவில்லை. கல் கள்ளிப்புதருக்குள் மறைந்தது. கரண்டி, நுனியில் ஒட்டிய கலவையோடு டிரங்குப் பெட்டிக்குள் போயிற்று.

எங்கள் பக்கத்துக் கொத்தனார்கள் கலவை ஒட்டிய கரண்டியை வீட்டில் வைக்க மாட்டார்கள். வேலை பாக்கி என்று அது கூப்பிடுமாம். மரியசூசையும் தன் கரண்டியை அன்றாடம் தானே கழுவித் துடைப்பவர்தான். தலைவர் கை பட்ட கலவை என்பதால் இதை மட்டும் விட்டுவைத்தார். அவர் மனைவி ராஜமேரி சித்தாள். கல்யாணமானதிலிருந்து அவருக்குக் கலவை சுமந்தவள். "தின்ன தட்டக் கழுவ மாட்டீங்க, கரண்டியக் கழுவுவீங்க. இப்ப அதுலயும் ஒண்ணு பாக்கி" என்று குத்திக்காட்டுவாள்.

1982-இல் தலைவர் இறந்த செய்தி ரேடியோவில் வந்தது. மறுநாள் காலை மரியசூசையின் வலது கட்டைவிரல் மடங்கவில்லை. பிறகு மற்ற விரல்களும் ஒவ்வொன்றாக விறைத்தன. தோல் வெளுத்து, காய்ந்த பூச்சுப்போல் ஆயிற்று. தர்மபுரி டாக்டர் நரம்பு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். எதுவும் பலிக்கவில்லை. மேஸ்திரிகள் வேறு ஆட்களைத் தேடிக்கொண்டார்கள். கை சரியாகாவிட்டால் அவர் கொத்தனார் இல்லை. வேறு எந்த வேலையும் அவருக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகச் சேலை எடுக்க ராஜமேரி பெட்டியைத் திறந்தாள். சேலை ஈரமாயிருந்தது. அடியில் கிடந்த கரண்டியின் கலவையும், இப்போதுதான் குழைத்ததுபோல் ஈரமாயிருந்தது. அதைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"தொட்டுப் பாருங்க."

தொட்டார். விரலில் கலவை ஒட்டியது.

"கழுவிரட்டுமாங்க?"

"கலவைய வீணாக்கக் கூடாது புள்ள. வெக்க வேண்டிய எடத்துல வெக்கணும்."

அன்றே இருவரும் போய்ப் புதரை வெட்டினார்கள். அடிக்கல்லை ஒட்டி அந்தக் கலவையை இடது கையால் பரப்பி, ஒரு கல்லை வைத்தார். அவ்வளவு சிறிய கலவை அந்தக் கல்லுக்குப் போதவே போதாது, ஆனால் போதுமாயிருந்தது. வெள்ளிக் கரண்டியைக் கழுவும்போது அவர் கட்டைவிரல் மடங்கியது.

கழுவி வைத்த கரண்டியில் அடுத்த ஞாயிறு மறுபடி கலவை இருந்தது. அதன்பின் பூசை முடிந்ததும் வாரம் ஒரு கல். கை பழையபடி ஆயிற்று, வேலையும் வந்தது. அங்கே ஆடு மேய்க்கும் சாலம்மாள், "யாருக்குங்க கொத்தனாரே வூடு?" என்று கேலி செய்வாள். சுவர் எழும்பத் தொடங்கியதும் அவள் மேய்ச்சலை வேறு பக்கம் மாற்றிக்கொண்டாள். ஆடுகள் சுவரைத் தாண்டிப் போக மறுத்தனவாம்.

ஐந்தாறு வருஷம் இப்படிப் போனது. பிறகு ஒரு மழைக்காலத்தில் மரியசூசைக்குக் காய்ச்சல் கண்டு, ஒரு ஞாயிறு தவறியது. திங்கள் காலை ராஜமேரி பதறி அவர் கையைப் பார்த்தாள். தூக்கத்தில் விரல்கள் நன்றாக மடங்கி விரிந்தன. நிம்மதியாக அடுப்பு மூட்டப் போனாள். தீக்குச்சியை அவளால் பிடிக்க முடியவில்லை.

கட்டைவிரல் மடங்கவில்லை. அவரை எழுப்பவில்லை. வேலையிடத்தில் பெண்கள் கரண்டி பிடிப்பதில்லை, அவளும் பிடித்ததில்லை. தீப்பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு, டிரங்குப் பெட்டியிலிருந்து கரண்டியை எடுத்தாள்.

அவள் வைத்த கல், தூக்குக்குண்டு போடாமலே நேராக உட்கார்ந்தது. கரண்டியைக் கழுவிவிட்டு ஒரு குச்சியை உரசிப் பார்த்தாள். பற்றியது. அந்த வெளிச்சம் அணையும்வரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாறு வருஷக் கல் சேர்ந்தும் அது இன்னும் முழங்கால் உயரம்தான் இருந்தது.