இரண்டு சட்டை, ஒரே குறி

கடைசியாக அப்பாவும் நானும் சேர்ந்து செய்த வேலை, ஒரு ப்ளைவுட் பலகையில் துளை போட்டது. பலகையை அவர் பிடித்துக்கொண்டார். ட்ரில் என் கையில். வல்லார்பாடம் துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பது என் தொழில். அதனால் வீட்டில் எந்தத் துளையும் என் பொறுப்பு.

"நேராப் போடு மக்ளே. நாலு பேரு பாக்க வர்ற இடம்."

"நேராத்தான் போடுறேன். உங்க பலகைதான் கோணல்."

உள்ளேயிருந்து மாமா, "இந்த வீட்டுல பலகை மட்டுமா கோணல்?" என்றார். அப்பா சிரித்ததில் பலகை ஆடியது.

அப்பா பெயர் இசக்கிதுரை. மட்டாஞ்சேரியில் சலவைக் கடை. நான் சிறுமியாக இருந்தபோதே அம்மா பிரிந்து தென்காசியில் வேறு குடும்பம் அமைத்துக்கொண்டார். தீபாவளிக்கு இன்றும் முறுக்கு அனுப்புவார். அதன்பின் மாரிச்செல்வம் இஸ்திரி போட வந்தார். தங்கிவிட்டார். எனக்கு மாமா, அப்பாவுக்கு வாழ்க்கைத்துணை.

சலவையில் ஒரு வீட்டுக்கு ஒரு குறி. காலருக்குள் சின்னதாக, புள்ளியோ கோடோ. கொச்சங்காடியில் ஒரே அறையில் இருந்த இரண்டு ஆண்கள் முதலில் தனித்தனிக் குறியில் துணி போட்டார்கள். ஒருநாள், "இனி ஒரே குறி போதும் சேட்டா" என்றார்கள். அப்பா இருவருக்கும் சாயா வாங்கிக் கொடுத்தார். "கல்யாணச் சேதி சொன்ன மாதிரி இருந்துச்சு" என்பார். ஊர் மாறும்போது ஆளுக்கொரு சட்டையை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவற்றைப் பலகையில் மாட்டிச் செய்ததுதான், துணிகளை வைத்து அப்பா உருவாக்கிய படங்களில் முதலாவது. கஞ்சியில் விறைத்த ஒரு சட்டையின் கை, மற்றதன் தோளில். சுற்றிலும் பழைய ஸ்டுடியோ போட்டோக்கள்: கைகோத்து நிற்கும் மீசைக்காரர்கள். நிழலுக்கு, இஸ்திரிப் பெட்டியால் கருக்கிய தடம்.

"இவங்கல்லாம் யாருப்பா?"

"பேரு தெரியாது. எங்க ஆளு இல்லன்னு யாரு சொல்ல முடியும்?"

ஆணை ஆண் விரும்புவது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன அன்று, கடைக்கு வந்த எல்லோருக்கும் நேந்திரம்பழத்தில் சுட்ட பழம்பொரி.

"எந்தா விசேஷம்?" என்றார் பக்கத்துக் கடை அபூபக்கர்.

"கேஸு ஜெயிச்சேன்."

"எந்து கேஸு?"

"ரொம்பப் பழைய கேஸு."

அபூபக்கர் இன்னொன்று எடுத்துக்கொண்டார்.

இந்த வருடம் ஒரு கிடங்கில் அவர் படங்களைக் கண்காட்சி வைக்கக் கேட்டார்கள். தன் சட்டையும் மாமாவின் சட்டையும் அதில் சேர்ந்து இருக்கவேண்டும் என்பது அப்பாவின் ஆசை. மாமா மறுத்தார்.

"இருக்குறது ஒரே நல்ல சட்டை. அதையும் செவுத்துல மாட்டணுமாக்கும்?"

"புதுசு எடுத்துத் தாரேன்."

"சட்டைக்காகச் சொல்லல இசக்கி. எங்க அக்கா வந்து பாப்பா."

"பாக்கட்டும். துவைச்சுத்தான மாட்டுறோம்!"

மாமா பல நாள் யோசித்தார். பிறகு பொத்தானெல்லாம் தைத்து, தானே கஞ்சி போட்டு, சட்டையைக் கொண்டுவந்து நீட்டினார்.

அதற்காகத்தான் அந்தப் பலகை. இரண்டையும் மாட்டியபின் அப்பா தலையில் கைவைத்தார். சலவைக்காரர் தம் துணிக்குக் குறி போடுவதில்லை. இரண்டு காலரும் வெறுமையாக இருந்தன. சண்டைபோட்டு முடிவு செய்தார்கள்: இரண்டு கோடு, நடுவில் ஒரு புள்ளி.

"புள்ளி எதுக்கு?" என்றேன்.

"பின்ன நீ எந்தக் கடைல துணி போடுவ?"

மை வெளுத்துவிடும், சேராங்கொட்டைச் சாறுதான் நிற்கும் என்றார். காலையில் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிவருவதாகச் சொல்லிப் படுத்தார். எழவில்லை. மாரடைப்பு.

வெள்ளிக்கிழமை கண்காட்சி. சேராங்கொட்டை இன்னும் வாங்கவில்லை.